மேல்பக்கத்துக் கம்பி

நாராயணசாமி எதைச் செய்தாலும் ஒரு பிடி கூடப் போட்டுத்தான் செய்வார். டீக்குச் சர்க்கரை போட்டால் ஒரு கரண்டி கூட. மருமகள் ஆபீசுக்குக் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தால் இரண்டு பாட்டில். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலாவது முறை இழுக்கும்போது அவர் மனைவி அஞ்சலாட்சி கத்துவாள், அதற்குப் பிறகுதான் நகர்வார். இப்படிப்பட்ட மனுஷன் கையில் ஒரு பால்கனி கட்டுகிற வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்?

யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். மகன் நிலவனைக் கட்டிக்கொண்டு கார்குழலி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு சாயங்காலம் மாடி அறை ஜன்னலோரம் நின்று, "கடல் சத்தம் கேக்குது மாமா, கடல்தான் தெரியல," என்று பேச்சுவாக்கில் சொன்னாள். வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்குப் போகிற தெருவில் வீடு. பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் இல்லையென்றால் அலையே தெரியும். சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவர் மறக்கவில்லை. ஏணியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அறுபத்தைந்து வயதில் அதன் உச்சிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"செவுத்துலேருந்து நாலடி வெளிய வந்து நின்னா போதும்மா. கடல் நல்லா தெரியுது," என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து கார்குழலியும் சிரித்துவிட்டாள்.

அவள் லாஸ்பேட்டையில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எந்தக் கட்டடத்துக்கு எத்தனை தூண், எந்த உத்தரத்தில் எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டுத் தருவதுதான் வேலை. மாமனார் கேட்ட நாலடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே வரைந்தாள். வாசலில் விட்டிருந்த சொந்த இடத்துக்கு மேலே, கீழே தூண் எதுவும் இல்லாமல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனி. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, "மெயின் கம்பி மேல்பக்கம்" என்று தமிழிலேயே எழுதினாள். அதற்குள் திண்டிவனத்தில் அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவள் திரும்பிவர ஒரு மாதம் ஆகிவிட்டது. நல்ல நாள் பார்த்தாகிவிட்டது, கலவை மெஷினும் சொல்லியாகிவிட்டது, அவள் இல்லாமலேயே பால்கனி முடிந்தது.

அவள் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை காலை. மாசி மகத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

"கண்ண மூடிக்கிட்டு வாம்மா," என்றார் நாராயணசாமி. மாடியேறி, புதிதாக வைத்த கதவைத் தாண்டி, அவளை விளிம்பு வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்தினார். கண்ணைத் திறந்தாள். பக்கத்துச் சுவர் விலகி, தெருக்கோடியில் இரண்டு படகுகளுக்கு நடுவே கடல் கிடந்தது. வெயில் பட்டு மின்னியது. தன் அப்பாகூட அவளுக்காக இப்படி ஒரு காரியம் செய்ததில்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது, அது உண்மைதான்.

"மாசி மகத்தன்னிக்கு நம்ம ஜனம் பூரா இங்கதான் நிக்கப்போவுது. மயிலத்து முருகன் கடலாட வரும்போது மேலேருந்து கும்புடலாம். கனகசெட்டிக்குளத்துலேருந்து தங்கச்சி பாக்கியலட்சுமி குடும்பத்தோட வரேன்னுட்டா. இருவது பேரு தாராளமா நிக்கலாம்," என்றார்.

சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பியவள் கதவு நிலையருகே நின்றுவிட்டாள். பால்கனித் தரை சுவரோடு சேருகிற இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கீறல். தலைமயிர் கனம்தான் இருக்கும். வேறு யார் பார்த்தாலும் பெருக்கித் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் குனிந்து, பயத்தோடு அதன் நீளத்துக்கும் விரலை ஓட்டினாள்.

எதற்கு இத்தனை பயம் என்று கேட்பீர்கள். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதனால்தான் இழுபடுகிற பக்கம் பார்த்துக் கம்பி வைக்கிறார்கள். இரண்டு சுவருக்கு நடுவே கிடக்கிற தளம் நடுவில் தொய்யப் பார்க்கும், அதன் அடிப்பக்கம்தான் இழுபடும், ஆகவே கம்பி கீழே. பால்கனி அப்படியில்லை. கையை நேராக நீட்டி ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், வலிக்கிற இடம் தோளின் மேல்பக்கம். நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிக்கும் மேல்பக்கம்தான் இழுவை, கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். அது அங்கே இருந்திருந்தால் அந்த இடத்தில் இப்படிக் கோடு விழுந்திருக்காது.

"இன்னாம்மா, குனிஞ்சு பாத்துக்கினே கீற?"

"மாமா, மேல டென்ஷன் மாமா. டென்ஷன் பூரா மேலதான். நான் ஆபீசுக்குப் போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரையும் மேல விடாதீங்க."

இழுவையை அவள் ஆபீசில் எல்லாரும் டென்ஷன் என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

"சரிம்மா, ஒருத்தரையும் வுடல. நீ கவலப்படாத," என்றார் நாராயணசாமி மிகவும் மெதுவாக. சொல்லியாகிவிட்டது என்று அவள் கிளம்பினாள்.

ஆபீசுக்குப் போகாமல் நேராகக் கம்பி கட்டிய மேஸ்திரி ராஜவேலைத் தேடிப் போனாள், அவன் ரெயின்போ நகரில் வேறொரு கட்டடத்தில் இருந்தான். அவளைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"நாங்க நீங்க போட்டபடிதான் கட்னோம்மா. மேல்கம்பி எறங்காம இருக்க அடியில சேர் வெச்சு, எல்லாம் சரியா வெச்சிட்டுத்தான் சாயங்காலம் போனோம்." நாற்காலிபோல வளைத்து மேல்கம்பியைத் தாங்க வைக்கிற துண்டுக் கம்பிக்குத்தான் சேர் என்று பெயர். "காலையில வந்து பாத்தா சேரெல்லாம் ஐயா அவுத்து ஓரமா அடுக்கி வெச்சிருக்காரு. கம்பி பூரா கீழ கெடக்குது. கேட்டா, மேல கெடந்தா உப்புக்காத்து தின்னுடும், எதிர்வீட்டு சன்ஷேடு எப்பிடிக் கொட்டுச்சு பாரு, கீழ பத்திரமா இருக்கட்டும்னாரு. போதாததுக்கு நாலு கம்பி கூட வாங்கியாந்து அவரே வெச்சிருக்காரு. என் மருமவ நிக்கிற எடம்டா, கெட்டியா இருக்கணும்னாரு. கலவ மெஷினு வேற வந்து நிக்குது. ஐயா சொன்னா நான் என்னா பண்ணுவேன்? ஆனா தப்புதான்மா. நான் உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும்."

கார்குழலி மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் பயந்ததில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. கடலோரத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிவிடுவதை அந்தத் தெருவில் யார் பார்க்கவில்லை? அதற்காகத்தான் கம்பிக்கு மேலே இத்தனை கனம் கலவை மூட வேண்டும் என்று அவளே கணக்கில் சேர்த்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தை அவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் போனது அவள்தான். அவர் தன் பாசத்தையெல்லாம் கம்பியாக வாங்கி, பத்திரமாக, தப்பான பக்கத்தில் வைத்துவிட்டார்.

"தன் பாரத்த எப்பிடியோ தாங்கிக்கிட்டு நிக்குது அண்ணே. இருபது பேர் நின்னா நிக்காது. இன்னைக்கே முட்டு கொடுக்கணும்," என்றாள்.

"நீங்க முன்னாடி போங்க. சவுக்குக் கழி ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வரேன்," என்றான் ராஜவேல்.

அவள் தெருவில் திரும்பும்போதே பார்த்துவிட்டாள். பால்கனியின் வெளிவிளிம்பில் ஆறு சிமெண்ட் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் ஓராள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். ஏழாவதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நாராயணசாமி அதே விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

வண்டியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கதவருகே வந்ததும் காலை வெளியே வைக்கவில்லை. கத்தினால் அவர் பதறித் திரும்புவார், தொட்டியைப் பொத்தென்று போடுவார்.

"மாமா," என்றாள் மெதுவாக. "எனக்குத் தல சுத்துது. கொஞ்சம் வந்து புடிங்களேன்."

அவ்வளவுதான். தொட்டியை அப்படியே காலடியில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தார். அவர் இரண்டு காலும் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்போது நிஜமாகவே தலை சுற்றியது.

"உக்காரு, உக்காரு. காலையிலயே சொன்னியே டென்ஷனா இருக்குதுன்னு," என்று அவர் விசிறியால் வீசினார். "அம்மாவப் பாத்துக்கினு வந்த அலுப்பு. மேல வந்தா டென்ஷன் ஆவுதுன்னு வேற சொன்ன. அதான் நாலு பூச்செடி வெச்சா மனசு லேசாவுமேன்னு போயி வாங்கியாந்தேன். யாரையும் மேல வுடல, நானே ஒவ்வொண்ணா தூக்கியாந்தேன்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். விரல்களில் மண், உள்ளங்கையில் சிமெண்ட் உரசிய சிவப்பு. இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இருபத்தொன்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, எதிலும் ஒட்டாமல், கடைசியில் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். இந்த ஒரு மாதமாகத் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து பால்கனியைக் காட்டியிருக்கிறார். நீங்கள் எனக்காகக் கட்டியது என்னையே கொன்றிருக்கும் என்று சொன்னால் அதன் பிறகு அவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்.

கீழே ராஜவேலின் வண்டி வந்து நின்றது. சவுக்குக் கழிகள் இறங்குவதைப் பார்த்து அஞ்சலாட்சி வாசலுக்கு வந்தாள். அவள் குரலுக்குத் தெருவே கூடிவிடும், கூடியது.

"இன்னாடா ராஜவேலு, நேத்துதான் முட்டுக்கழியப் பிரிச்சிக்கினு போன. திரும்ப இன்னாத்துக்குக் கொண்டாந்து வெக்கிற? யாரு பண்ண வேலடா இது?"

ராஜவேல் வாயைத் திறந்தான். அவன் கண் படியில் இறங்கிவந்த நாராயணசாமி பக்கம் போனது. அவர் கையில் மண்ணோடு, என்ன நடக்கிறது என்று புரியாமல், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"என் தப்பு அத்தை," என்றாள் கார்குழலி. யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. "டிராயிங்ல நான்தான் கம்பியத் தப்பாப் போட்டுட்டேன். பாரம் தாங்காது. உடைச்சிட்டுத் திரும்பப் போடணும்."

தெரு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அஞ்சலாட்சி ஆரம்பித்தாள். "நாலு வருசம் படிச்சது இதுக்குத்தானா? ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுத் தர்ற, ஊட்டுக்குப் போட்டது இந்த லட்சணமா?"

"வுடு அஞ்சலாட்சி. ஆருக்குத்தான் தப்பு வராது? புள்ள டென்ஷன்ல போட்டிருக்கும்," என்று நாராயணசாமி குறுக்கே வந்து நின்றார். தனக்காக அவர் பரிந்து பேசுவதைக் கேட்க அவளுக்குக் கூசியது.

நிலவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "உன் வேலைக்கே கெட்ட பேராச்சே குழலி," என்றான். "இந்தத் தெருவுக்குத்தானே தெரியும், போவட்டும்," என்றாள். போகவில்லை. மூன்றாம் நாள், மாடி கட்ட அவளிடம் வரைபடம் கேட்டிருந்த எதிர்வீட்டுக்காரர், "இப்ப அவசரமில்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆபீசில் நூற்றுக்கணக்கான தளங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை உடைத்தார்கள். நாராயணசாமி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுத்தி அடிக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பார்த்தார். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனபோது எழுந்து மாடிக்குப் போனார். கார்குழலி அறைக்குள்ளிருந்து பார்த்தாள். சுவரோரம் பிளந்த முகத்தில் அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். மேலே வெறும் ஜல்லி. விரல் கீழே வந்து, நெருக்கமாகக் கிடந்த கம்பிகளின்மேல் நின்றது. பிறகு கீழே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜவேலின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். ராஜவேல் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பால்கனி போன வருத்தம் என்று வீட்டில் நினைத்தார்கள். கார்குழலியும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டாள்.

மாசி மகத்தன்று விடியும் முன்பே தெரு நிறைந்துவிட்டது. மேளம் ஒரு பக்கம், நீர்மோர்ப் பந்தல் ஒரு பக்கம். நாராயணசாமியின் தங்கை பாக்கியலட்சுமி பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்தாள். மாடிச் சுவரில் ஒரு கதவு, அதற்கு வெளியே ஒன்றுமில்லை, குறுக்கே இரண்டு பலகை அடித்திருந்தது.

"இன்னாண்ணே, கதவு கீது, பால்கனியக் காணோம்? காக்கா தூக்கினு போயிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, "அத ஏன் கேக்குற. எம்மருமவ போட்ட கணக்கு அப்பிடி," என்றாள். காபி தம்ளர்த் தட்டோடு வந்த கார்குழலி அங்கேயே நின்றாள். சிரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

"நிறுத்து அஞ்சலாட்சி," என்றார் நாராயணசாமி.

அவர் குரல் உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாக்கியலட்சுமியின் பேத்திகூட விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"குழலி போட்ட கணக்கு சரி. கம்பிய மேல வெக்கச் சொல்லி எழுதியே குடுத்துச்சு. ராஜவேலும் மேலதான் கட்டிட்டுப் போனான். நான்தான் உப்புக்காத்து தின்னுடும்னு அவுத்துக் கீழ வெச்சேன். எல்லாந்தெரிஞ்ச மாதிரி கூட நாலு கம்பியும் சொருவினேன். இது அதையெல்லாம் தன்மேல போட்டுக்கினு பத்து நாளா உங்கிட்ட பேச்சு வாங்குது. எதிர்வீட்டுக்காரரே, நீங்களும் கேட்டுக்குங்க. தப்பு என்னுது."

அஞ்சலாட்சி மருமகள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "எவ்ளோ நேரந்தான் சொமந்துக்கினு நிப்ப, குடு இங்க," என்றாள்.

"மாமா, நான்..." என்று கார்குழலி தொடங்கினாள்.

"இரும்மா. உன் ஆபீசுல எவனாவது இப்பிடிப் பண்ணிருந்தா, என் தப்புன்னு சொல்லிருப்பியா?"

"மாட்டேன் மாமா."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொன்ன?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

"நான் ஒடிஞ்சு பூடுவேன்னு நெனச்சிட்ட." அவர் தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "மில்லுல தறி ஓட்றப்ப பாவுல, அதான் நீளவாட்டு நூலுல, ஒண்ணு அறுந்தா ஒடனே நிறுத்தி முடிச்சுப் போடணும். பக்கத்துல இருக்கறவன் கோச்சுக்குவானேன்னு பாத்துக்கினு சும்மா ஓட்டுனா, துணி பூரா கோடு வுழுந்து வரும், ஒண்ணுக்கும் ஆவாது. இருவத்தொம்பது வருசம் அறுந்ததத்தான்மா முடிஞ்சேன் நானு. நான் அறுத்தா எங்கிட்ட காட்டு. மறைக்காத."

"சரி மாமா," என்றாள் அவள், துண்டில் முகத்தை மூடிக்கொண்டே.

தெருமுனையில் மேளம் நெருங்கியது. ஜனம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. நாராயணசாமி திரும்பவில்லை. அவளருகே குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"அடுத்த புதன்கிழம ராஜவேல வரச் சொல்லிருக்கேன். கம்பி கட்றன்னிக்கு லீவு போட்டுட்டு நீயே கூட நில்லு. நான் கிட்ட வந்து எதுனா தொட்டா, பெரியவன்னு பாக்காத. கையிலயே ஒண்ணு போடு."

துண்டுக்குள்ளிருந்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது.

"போடறேன் மாமா," என்றாள் கார்குழலி.